ஒரு மணியோடு நின்றுபோன போன்

மார்ச் 4
வீட்டு ஓனர் விற்றுவிட்டாராம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கட்டில், அலமாரி எல்லாம் எப்படியோ வண்டியேறிவிடும். போன் எண்தான் கவலை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதே லேண்ட்லைன் எண். காரின் இரண்டு கதவிலும் அதுதான் எழுதியிருக்கிறது. பெண்களுக்குப் பெண்ணே சொல்லித்தருகிறாள் என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லி, அம்மா மகளுக்குச் சொல்லி, வாய்வழியாகவே ஊரைச் சுற்றிய எண்.

புது வீட்டுத் தெருவில் போன் கம்பியே இல்லையாம். அப்போ அவ்வளவுதானா?

மார்ச் 6
தங்கச்சியும் அவள் கணவரும் வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில்தான் வேலை. “கம்பியே வேணாம் அக்கா. அதே நம்பரை இன்டர்நெட்டுக்கு மாத்திடலாம். பழைய லைனை மட்டும் நீங்களா கட் பண்ணிடாதீங்க, நம்பரே போயிடும். நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் நீட்டிய திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறியது மாதிரி இருந்தது. தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேலை போய், போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளை இழுத்துக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்தது நான். இப்போது அவளும் சொல்லிக்கொடுக்கிறாள், சொந்தக் காரில். எனக்கு நேரம் இல்லாதபோது வருகிறவர்களை அவளிடம்தான் அனுப்புகிறேன். இன்று எனக்காக அவள் ஓடி வந்ததில் மனசு நிறைந்துவிட்டது.

மார்ச் 28
புது வீடு. சாமான் பாதி இன்னும் பெட்டிக்குள். சுவரோரம் விளக்கு மினுங்கும் ஒரு இன்டர்நெட் பெட்டி, அதில் செருகிய என் பழைய போன். முதல் அழைப்பு, என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட பல் டாக்டர். “லைசென்ஸ் வாங்கிட்டேங்க! இருந்தாலும் ரிவர்ஸ்னா மட்டும் பல்லைப் புடுங்கற மாதிரியே இருக்கு.” “நீங்க புடுங்கறவங்க, உங்களுக்கென்ன பயம்?” என்றேன். அதே எண், அதே குரல்கள். மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பினேன்.

ஏப்ரல் 9
போன் ஒரு மணி அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. சோப்பு நுரையோடு ஓடினேன். எடுப்பதற்குள் போயிற்று. இன்டர்நெட்டுக்குப் பொறுமை கிடையாது போல.

ஏப்ரல் 12
இன்றும் அப்படியே, காலையிலிருந்து. தங்கச்சியிடம் சொன்னேன். “புது லைன்னா அப்படித்தான்க்கா. போகப் போகச் சரியாயிடும்.”

ஏப்ரல் 21
புதிதாக யாரும் வரவில்லை. இருந்தவர்களும் ஒவ்வொருவராக லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வெயிலா? பரீட்சை நேரமா? காரை நேற்றும் கழுவினேன், இன்றும் கழுவினேன். சும்மா நிற்கும் காருக்கு எதற்கு இத்தனை பளபளப்பு.

ஏப்ரல் 29
எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மருந்துக் கடை வாசலில் பல் டாக்டர். என்னைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்காமல் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “இப்ப தேவலையா?”

“எது?”

“கை நடுக்கம்தான். என் நாத்தனார் கார் கத்துக்கணும்னு சொன்னா. உங்க நம்பருக்குத்தான் போன் பண்ணா. யாரோ ஒரு பொண்ணு எடுத்து, ‘அக்காவுக்குக் கை நடுங்குது, இப்பல்லாம் சொல்லிக்கொடுக்கறதில்ல, நான்தான் பாத்துக்கறேன்’னு சொன்னாளாம்.”

என் கை நடுங்குதாம். என் கையா? எத்தன பேரை நடுரோட்டுலேர்ந்து காப்பாத்துன கை! யாருடி அது சொன்னது, யாரு — தெரியாத மாதிரி கேக்கறேன் பாரு. என்னை அக்கான்னு கூப்பிட ஒருத்திதானே இருக்கா.

ஏப்ரல் 30
போன் கம்பெனிக்குப் பேசினேன். அந்தப் பையன் பொறுமையாகத்தான் சொன்னான். “மேடம், இந்த நம்பர் ரெண்டு இடத்துல அடிக்குது. ஒண்ணு உங்க வீட்டுப் போன், இன்னொண்ணு ஒரு மொபைல். அங்க எடுத்துட்டா உங்களுக்கு நின்னுடும்.”

“அந்த மொபைலை எடுத்துவிடுங்க.”

“கனெக்‌ஷன் உங்க பேர்ல இல்லியே மேடம்.”

யார் பேரில் என்று சொல்ல அவனுக்கு அனுமதி இல்லையாம். அவன் சொல்லவும் வேண்டாம்.

மே 2
தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்கு என் எண்ணுக்கு அடிக்கும்படி பல் டாக்டரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். தங்கச்சி டீ போட்டுக் கொடுத்தாள். என் கால் வலியைப் பற்றிக் கேட்டாள். சிரித்துச் சிரித்துப் பேசினாள். மேசை மேல் அவள் மொபைல் அடித்தது.

“எடு” என்றேன்.

“யாரோ... அப்புறம் பேசிக்கலாம்க்கா.”

“என் நம்பருக்கு வந்ததுடி அது. எடு.”

எடுக்கவில்லை. மொபைலைக் கவிழ்த்து வைத்தாள். போன் அடித்து ஓய்ந்தது.

“நீ கார்ல இருக்கறப்ப எடுக்க மாட்டியே, நான் எடுத்து உங்கிட்ட சொல்லலாம்னுதான் மொதல்ல என் போன்லயும் அடிக்கற மாதிரி வெச்சோம். சத்தியமா.”

“அப்புறம்?”

“எல்லாரும் உன்னத்தான் கேக்கறாங்க. நான் சொல்லித்தரேன்னா வெச்சிடறாங்க. நீ அனுப்பற ஆளுக்காகவே நான் காலம் பூரா காத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

“அதுக்கு என் கை நடுங்குதும்பியா?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “வேற என்ன சொன்னாலும், ‘பரவாயில்ல, அவங்களுக்காகக் காத்திருக்கோம்’ங்கறாங்க.”

உள்ளறையில் மாப்பிள்ளை தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மனிதர் வெளியே வரவே இல்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மே 3
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியாது.

கேட்டிருக்கலாம்.

மே 16
எண் என் பேருக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு மெசேஜ்: “மனசுல வெச்சுக்காதீங்க அக்கா.” வேறு எங்கே வைத்துக்கொள்வதாம்?

போன் இப்போது முழுசாக அடிக்கிறது. எடுத்ததும் கேட்கிறார்கள்: “கை தேவலையா?” எண்ணைத் திருப்பிக் கொடுத்தவர்கள் அந்தப் பொய்யையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள்.

மே 23
புதிதாக வந்த ஒருத்தி, தையல்காரி, கியர் மேல் இருக்கும் என் கையையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறாள். “ரோட்டைப் பாருங்கம்மா” என்றேன். லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது. நல்லவேளை, என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது. இறங்கும்போது, “நடுங்கவே இல்லியே உங்களுக்கு!” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜூன் 2
தங்கச்சி இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜூன் 19
நாளெல்லாம் வகுப்பு. மூச்சுவிட நேரமில்லை.

சாயங்காலம் ஒரு பெண் கூப்பிட்டாள். அவசரமாகக் கற்றுக்கொள்ள வேண்டுமாம், வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். அடுத்த மாதம்வரை என்னிடம் நேரமில்லை என்றேன்.

“அப்ப முன்னாடி இந்த நம்பர்ல ஒருத்தங்க பேசினாங்களே, உங்க தங்கச்சின்னு. அவங்க எப்படி? பயமில்லாம போலாமா?”

வாய்வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை போதும். கண் சரியில்லை என்றால் போதும். காலில் கோளாறு என்றால் போதும். ஊர் முழுக்க அதுவே சுற்றிவிடும்.

“நல்லாச் சொல்லித்தருவா” என்றேன். “நான் கத்துக்கொடுத்தவதான்.”

தங்கச்சியின் எண்ணைக் கேட்டாள். என் மொபைலிலிருந்து அதை அழித்துத் தள்ளி நாளாகிறது. ஆனாலும் ஓர் இலக்கம்கூடத் தடுமாறாமல் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள், சரிதானா என்று.

“சரிதான்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த எண்ணுக்கு நான் இன்னும் அடிக்கவில்லை.