வேர்வை மட்டும்தான் வரும்

இன்சுலினைப் பிரிட்ஜில் வைத்தாயிற்று. அதோடு வந்த துண்டுத்தாளை எறிய மனமில்லாமல் சாப்பாட்டு மேசையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். பார்மசி மணம் அதை விட்டு இன்னும் போகவில்லை. ஆம், எனக்கும் சீனி வருத்தம் வந்துவிட்டது. நண்பரே, நீர் உயிரோடு இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பீர். "வாரும் ஐசே, உமக்கெண்டு ஒரு கதிரை பிடிச்சு வைச்சிருக்கிறன்" என்றிருப்பீர்.

மூன்று கிழமைக்கு முன் அந்த மருந்தை எடுக்கப் போனேன். பார்மசியில் நின்றது இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை ஒருத்தி. கைநடுக்கத்துக்காக நான் வருடக்கணக்காகப் போடுகிற குளிசையின் பெயரைக் கணினியில் கண்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிள், இது வெரி இம்போட்டன்ட். சுகர் லோ ஆனா உடம்பு வோர்ணிங் தரும். கை நடுங்கும், நெஞ்சு படபடவெண்டு அடிக்கும். ஆனா இந்தக் குளிசை எடுக்கிற ஆக்களுக்கு அது தெரியாது. இது எல்லாத்தையும் புளொக் பண்ணிடும். வேர்வை மட்டும்தான் வரும்."

"ஏன் பிள்ளை வேர்வை மட்டும்?"

கேட்டதில் அவளுக்குச் சந்தோசம். விளக்கமாகச் சொன்னாள். நாங்கள் நினைக்காமலே நெஞ்சையும் குடலையும் வேர்வையையும் நடத்துகிற நரம்புகள் இருக்கின்றனவாம். சீனி இறங்கினால் அவை பதறிப்போய் எச்சரிக்கும். அட்ரினலின் போய் நெஞ்சின் கதவையும் கையின் கதவையும் தட்டும். என் குளிசை அந்தக் கதவுகளைப் பூட்டிவிடுகிறது. வேர்வைச் சுரப்பிகளுக்குப் போகிற நரம்புகளும் அதே கூட்டந்தான், ஆனால் அவை விடுகிற இரசாயனம் வேறு. அதைக் குளிசையால் தொட முடியாது.

"ஓகேயா அங்கிள்?" என்றாள். ஓம் என்றேன். காருக்குள் வந்து ஏறினேன், திறப்பைப் போடக் கை வரவில்லை. உம்முடைய நனைந்த நெற்றி கண்ணுக்கு முன்னால் நின்றது.

அன்றிலிருந்து நீர் என்னை விட்டுப் போகவில்லை. முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தால் கண்ணாடியில் ஈரம் வழிவது உம்முடைய நெற்றியாக இருக்கிறது. பேஸ்மன்ரில் உடுப்புக் காயவைக்கிற மெசின் ஓடினால் அதற்குள்ளிருந்து நீர் பெரிய வெள்ளிப் பசாம் படிப்பது கேட்கிறது. அதுவும் அந்த ஒரே வரி.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டல்லவா, ஒருவருக்குக் கேட்ட மருந்தை மற்றவருக்கும் நீட்டுவது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் ஆறு பேர் படுத்த காலத்தில் ஒருவனுடைய குளிசைப் போத்தல் ஆறு பேருக்கும் பொது. தலையிடிக்கும் அதுதான், இடுப்பு நோவுக்கும் அதுதான். யாரும் செத்துப்போகவில்லை. அதனால் வந்த துணிவுதான் எனக்கு.

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரியாக இழுத்துப் படிக்கிற பசாமுக்கு உம்மைப்போலக் குரல் இந்த ரொறொன்ரோவில் யாருக்கு இருந்தது? ஆனால் சனத்தைக் கண்டால் உமக்குப் பயம். கையிலுள்ள தாள் படபடக்கும், குரலும் சேர்ந்து ஆடும். ஒரு தவக்காலத்தில் என் குளிசையில் பாதியை உடைத்து உம்முடைய உள்ளங்கையில் வைத்தேன். அன்று நீர் படித்த படிப்பில் மண்டபமே அழுதது. வெளியே வந்து, "ஐசே, நெஞ்சை நாயைக் கட்டினமாதிரிக் கட்டிப்போட்டீர்" என்றீர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதன்பின் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குளிசைகளை ரிஸ்யூத் தாளில் சுற்றித் தந்தேன். இடையில் உமக்குச் சீனி வருத்தம் வந்தது, இன்சுலின் ஏற்றத் தொடங்கினீர். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை.

அந்தக் கடைசிப் பெரிய வெள்ளியில் நீர் உபவாசம். காலையில் இன்சுலினை மட்டும் ஏற்றிக்கொண்டு வெறும் வயிற்றோடு வந்தீர். பிறகு என் குளிசை. மண்டபத்தில் ஹீற்றரைக் கூட்டி வைத்திருந்தார்கள், நீரோ கறுப்புக் கோட்டோடு நின்றீர். நெற்றியால் வேர்வை ஓடியது. சூட்டுக்குத்தான் என்று நினைத்து என் லேஞ்சியைத் தந்தேன். துடைத்தீர், மறுபடி நனைந்தது. தாயார் மகனைக் காண வருகிற இடத்தில் ஒரே வரியை மூன்று தரம் படித்தீர். உருகிப் படிக்கிறீர் என்று பெண்கள் விம்மினார்கள். நானும் அழுதேன். நாலாம் தரம் பாதி வரியில் சரிந்தீர். உம்முடைய தலை படியில் அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அம்புலன்ஸ் பெடியன் சீனி கீழே போய்விட்டது என்று ஊசி போட்டான். "வேறு என்ன மருந்து எடுக்கிறார்?" என்று என்னிடம்தான் கேட்டான். இன்சுலினைச் சொன்னேன், கொலஸ்ரோல் குளிசையைச் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். சாமியார் பக்கத்தில் நின்றார், சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு சின்னக் குளிசைதானே என்று எனக்கு நானே சொன்னேன். தலைக்குள் இரத்தம் கசிந்து ஐந்தாம் நாள் நீர் போய்விட்டீர். அன்று நான் வாயைத் திறந்திருந்தால் தப்பியிருப்பீரா? தெரியாது. யாரிடமும் கேட்கவும் துணியவில்லை.

போன சனிக்கிழமை இங்கே பிக்கரிங்கிலிருந்து ஸ்ரௌவ்வில் பட்டினத்துக்குப் போனேன். உம்முடைய மனைவி இப்போது மகனோடு அங்கேதான் இருக்கிறார். பிள்ளைகள் வெளியே போயிருந்தார்கள். அவர் வைத்த தேத்தண்ணி ஆற ஆற எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் எழும்பி உள்ளே போய் ஒரு ரிஸ்யூச் சுருளைக் கொண்டுவந்து மேசையில் பிரித்தார். இரண்டு குளிசைகள் இருந்தன.

"உந்தக் குளிசையோ அண்ணை?"

"ஓம் தங்கச்சி."

"அவரின்ரை கோட்டுப் பொக்கற்றிலை கிடந்தது. பார்மசியிலை காட்டினன், நெஞ்சு வருத்தத்துக்குக் குடுக்கிறதெண்டு சொல்லிச்சினம். வருத்தத்தை எனக்கு ஒளிச்சுப்போட்டுப் போயிட்டார் எண்டு மூண்டு வருசமாய் அந்த மனுசனோடை கோவம். முப்பத்தொரு வருசம் ஒரு வீட்டிலை இருந்தும் என்னை ஒரு பொருட்டாய் நினைக்கேல்லையே எண்டு படத்துக்கு முன்னாலை நிண்டு பேசியிருக்கிறன். ஒருநாள் விடாமல் பேசியிருக்கிறன், அண்ணை."

அதே குளிசையை நெஞ்சு வருத்தத்துக்கும் கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். உம்மை இழந்தவருக்கு உம்மை நினைத்து நிம்மதியாக அழக்கூட நான் விடவில்லை. என்ன மனிதன் நான்.

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"இவ்வளவத்தையும் சொல்லுறியள். உங்கடை கைகூட நடுங்கேல்லை."

உண்மைதான். காலையில் போட்ட குளிசை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒளிகிற மாதிரி இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினேன். வாசலில் சப்பாத்தைப் போடும்போது, "பிள்ளையளுக்கும் நீங்கள்தான் சொல்லவேணும். அடுத்த கிழமை ஞாயிறு வாங்கோ" என்றார். வழக்கமாகச் சொல்லுகிற "கவனமாய்ப் போங்கோ" வரவில்லை.

நாளைக்கு ஞாயிறு. குளிசையை ஒருநாள் விட்டுவிட்டுப் போகலாமா என்று டொக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். சட்டென்று நிறுத்தவே கூடாதாம், நெஞ்சு தாங்காதாம். ஆகையால் போட்டுக்கொண்டுதான் போவேன். நடுங்காத இந்தக் கைகளோடுதான் உம்முடைய பிள்ளைகளுக்கு முன்னால் போய் இருக்கப் போகிறேன்.