பத்திரத்தில் போட்ட ஆறாயிரம்

அண்ணா,

இடது கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை. சோப்பு, மண்ணெண்ணெய் இரண்டும் பார்த்தாயிற்று. காலையில் உத்திரமேரூர் பதிவு அலுவலகத்தில் என் மனையை விற்று, ரேகை வைத்துவிட்டு வந்தேன். பத்திரம் எழுதுபவர் தலையைத் தூக்காமலே, "எவ்ளோன்னு போடட்டும்மா?" என்றார். அன்றைக்கும் இதே மை வாசனை, இதே கேள்வி.

அன்று வாங்கியது நீ. பெருநகர் கிராமத்தில் செய்யாற்றுப் பக்கம் ஓர் ஏக்கர். காஞ்சிபுரத்து வீட்டில் உன் பாகத்தையும் தறியையும் விற்ற பணம். இனிமேல் தறிக்குழியில் இறங்கமாட்டேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தாய். விலை பதினைந்தாயிரம், பத்திரத்தில் ஆறாயிரம் போடலாம் என்றார் விற்றவர். உனக்கு முத்திரைத்தாள் செலவு குறையும், தன்னை வருமான வரிக்காரர்கள் கேட்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அந்தப் பக்கம் யாரும் முழு விலை போட்டதில்லை. நீ மட்டும் தயங்கினாய். என்னை வெளியே கூட்டிப்போய்க் கேட்டாய்: "இன்னாம்மா, நீ எம்.ஏ. படிச்சவ. கொறச்சிப் போட்டா பின்னால எதுனா பேஜார் வருமா?"

எதையும் நம்பாதவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். உப்பு வாங்கினாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பேன் என்று நீயே கேலி செய்வாய். அன்று மட்டும், "எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றேன். சாட்சிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று போகம் எடுத்தாய். அப்புறம் கால்வாயை அகலப்படுத்த நிலம் எடுக்கிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. உன் ஏக்கர் முழுவதும் அதில் போயிற்று.

இழப்பீட்டை முடிவு செய்யும் விசாரணையில் நீ பதினைந்தாயிரம் கொடுத்ததாகச் சொன்னாய். அதிகாரி பத்திரத்தை உன் பக்கம் திருப்பினார். "இதுல ஆறுன்னு இருக்கு. அப்போ பொய் சொன்னியா, இப்போ சொல்றியா?" அறையில் இருந்த மற்ற நிலக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் மடியில் இருந்த பத்திரங்களிலும் குறைத்துப் போட்ட விலைதான்.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். "சாட்சி நீங்கதானேம்மா? காலேஜ்ல வேலை பாக்கறீங்க. நீங்களே சொல்லுங்க, எவ்வளவு கை மாறிச்சு?"

அரசு வேலை. பொய்ப் பத்திரத்துக்குச் சாட்சி போட்டவள் என்று மேலே எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் மனசில் ஓடியது. பத்திரத்தில் இருப்பதுதான் என்றேன்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி முறைத்திருந்தால் இத்தனை வருஷத்தில் ஆறியிருக்கும். பஸ் மாகறல் தாண்டியதும், "வுடு. உன் வேலயும் போயிருந்தா அத்த யார் குடுப்பாங்க?" என்றாய். டிக்கெட்டும் நீயே எடுத்தாய்.

ஆறாயிரத்தை ஒட்டித்தான் இழப்பீடு வந்தது. கிணறு தூர்வார வாங்கிய கடனுக்கே பாதி போயிற்று. மறுபடி இன்னொருவர் வீட்டுத் தறிக்குழியில் கூலிக்கு இறங்கினாய். ஏழாவது வருஷம் அந்தக் குழியிலிருந்துதான் மூச்சு நின்ற உன்னைத் தூக்கி வந்தார்கள். விசாரணையில் நான் என்ன சொன்னேன் என்பது அண்ணிக்கு இன்றுவரை தெரியாது. நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று முழு விலையைப் போடச் சொன்னேன். வாங்குபவர், "ஊர்ல இல்லாத வழக்கமா கீதே" என்று முனகினார். அதிகப்படி முத்திரைச் செலவு என்னுடையது என்றதும் அடங்கினார். எழுதுபவர் பக்கத்தில் இருந்தவரிடம், மேடம் ரொம்ப நேர்மை என்றார். நேர்மையெல்லாம் இல்லை. குறைத்துப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அதிகாரி எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார். அவர் கேட்டதற்கு உன்னிடமாவது பதில் சொல்கிறேன். பதினைந்தாயிரம், அண்ணா. மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீ கொடுத்தாய். விற்றவர் ஒரு தடவை எண்ணினார். எனக்கு நம்பிக்கை வராமல், அவர் கையிலிருந்து வாங்கி நானும் ஒரு தடவை எண்ணினேன்.