ப்ருனா மலை வளைவில் என் கணவர் விழவில்லை

அனுப்புநர்:
ரெமேய் பார்டொலெட்,
பந்தய சைக்கிள் டயர் தைப்பவர்,
ஊற்றுத் தெரு, ரோக்காமாலா.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
பெர்ப்பிஞ்ஞான்.

பொருள்: என் கணவர் நர்சிஸ் பார்டொலெட் சைக்கிள் விபத்தில் இறந்ததாக ஊராட்சிப் பதிவேட்டில் உள்ள பொய்யைத் திருத்துவது, மலை வளைவிலுள்ள பலகையை அகற்றுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் எல்லைக்கு அந்தப் பக்கம் கத்தலோனியாவின் மலையேற்றப் பந்தயங்களில் மூன்று முறை சாம்பியன். 1939இல் உள்நாட்டுப் போரில் தோற்று இங்கே அகதிகளாக வந்தோம். ஜெர்மானியர்கள் வந்தபின், பயிற்சி என்று சொல்லி தினமும் காலை ப்ருனா கணவாய்க்கு ஏறினார். "என்ன சாம்பியன், இன்னிக்கும் மலையா? கால் வலிக்கவே வலிக்காதா ஒனக்கு?" என்று சாவடிக் காவலர்கள் சிரித்தபடி வழிவிடுவார்கள். மாற்று டயரைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்வது பந்தயக்காரர்களின் வழக்கம். பந்தய டயரைக் குழாய்போலச் சுற்றித் தைத்திருப்பார்கள்; அந்தத் தையலைப் பிரித்து, தப்பிச் செல்வோருக்கான போலி அடையாள அட்டைகளைச் சுருட்டி உள்ளே வைத்துத் தைத்தவள் நான்.

2. 1943 செப்டம்பர் 14 அன்று ஜெர்மானியர்கள் அவரை முதுகில் சுட்டார்கள். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சவப்பெட்டியை ஆணியடித்துத்தான் கொடுத்தார்கள். வளைவில் தடுமாறிப் பள்ளத்தில் விழுந்ததாக ஊராட்சி எழுத்தர் பதிவு செய்தார். பள்ளம் நாற்பதடி. திருப்பித் தந்த சைக்கிளில் ஒரு கம்பிகூட வளையவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், துளியும் ஆடாமல் சுற்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

3. தோளில் கிடந்த டயரையும் தந்தார்கள். அதன் முதுகுப் பக்கத்தில் இருந்த ஓட்டையைப் பஞ்சர் என்று நினைத்திருப்பார்கள். அழுவதற்கு முன் நான் தையலைப் பிரித்தேன். உள்ளே ஆறு அட்டைகள் இருந்தன. அன்று மாலையே அவற்றை உரியவர்களிடம் சேர்த்தேன்.

4. பதிவேட்டைத் திருத்தச் சொல்லி மூன்று முறை போனேன். அதே எழுத்தர்தான் இன்றும் அங்கே இருக்கிறார். "ஏம்மா, சைக்கிள்காரன் விழுந்து சாகாம வேற எப்படிச் சாவான்? போய் வேலையப் பாரு" என்றார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுபோல், இந்த வசந்தத்தில் அந்த வளைவில் ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள்: "மெதுவாகச் செல்க. சாம்பியனே தவறிய இடம்." அந்த எழுத்தரால் மூச்சு வாங்காமல் நடந்துகூட ஏற முடியாத மலை அது.

5. சென்ற மாதம் துலூஸிலிருந்து ஒதீல் வெர்னாக் என்ற ஆசிரியை என்னைத் தேடி வந்தார். அந்த ஆறு அட்டைகளில் ஒன்றை வைத்து எல்லை கடந்தவர். அட்டையில் மூன்று ஓட்டைகள். ஓட்டை தெரியாமலிருக்க மூன்றின் மீதும் தாள் ஒட்டிப் போலி முத்திரை குத்தியிருக்கிறது. முத்திரை கூடக் கூட அதிகாரிகளுக்கு நம்பிக்கையும் கூடும் போலிருக்கிறது. அட்டையைச் சுருட்டினோம். மூன்று ஓட்டைகளும் ஒன்றாகி, டயரின் ஓட்டைக்கு நேராக நின்றன. அவரது வாக்குமூலத்தை இணைத்துள்ளேன்.

ஆகவே, "சுட்டுக் கொல்லப்பட்டார்" என்று பதிவேட்டைத் திருத்தவும், ஜூன் 23ஆம் தேதி அந்த மலையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்கு முன் பலகையைப் பிடுங்கவும் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், அந்த டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு பலகைக்கு முன்னால் நிற்பேன். பந்தயக்காரர்களுக்குப் பஞ்சர் எது, குண்டு எது என்று தெரியும்.

டயரைத் தபாலில் அனுப்பவில்லை. தாங்கள் நேரில் வந்து அந்த ஓட்டையில் விரல் விட்டுப் பார்க்கலாம்.

இடம்: ரோக்காமாலா
நாள்: 27.5.1946

இங்ஙனம்,
ரெமேய் பார்டொலெட்
(நர்சிஸ் பார்டொலெட்டின் மனைவி)