தலைகீழாகத் தொங்கவிட்ட மிஷின்

இன்று காலை ஒரு வேப்பம்பலகையை மேசைமேல் வைத்துத் தள்ளினேன். அந்தக் கசப்பு வாசனை கொட்டகை முழுக்கப் பரவியதும் என்னையறியாமல் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன், நீ தும்மப்போகிறாய் என்று. வேம்பு என்றால் உனக்கு மூன்று தும்மல் நிச்சயம். மூன்றாவது முடிந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேற மரமே கெடைக்கலியாமே உனக்கு?" என்பாய். இன்று கொட்டகையில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் வேலையைத் தொடங்கினேன்.

முப்பது வருடம் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். நீ ராணுவச் சீருடை தைக்கும் பிரிவில், நான் அலுவலகத்தில் தட்டச்சு. அங்கே இருந்தவரை நமக்குள் வெறும் தலையசைப்புதான். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சேக்காட்டில் அடுத்தடுத்த வீட்டுக்கு வந்த பிறகுதான் பேச ஆரம்பித்தோம். நீ திருமுல்லைவாயிலில் பிறந்து வளர்ந்தவள். நான் தென்காசிப் பக்கம். "நீ பேசறது ரேடியோல நூஸ் படிக்கிற மாரி கீது" என்று முதல் நாளே கிண்டல் செய்தாய்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வீட்டில் பொழுது போகாமல் நான் மரவேலையில் இறங்கியது உனக்குப் பெரிய வேடிக்கை. கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் ரம்பம், உளி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒருநாள் ரூட்டர் வாங்கப்போகிறேன் என்றேன். "ஊட்லதான் நெட்டு கீதே, இன்னாத்துக்கு இன்னொரு ரூட்டரு?" என்றாய். பலகையின் ஓரத்தை உருட்டுவதற்கும் பள்ளம் எடுப்பதற்கும் உள்ள மிஷின், அடியில் சிறிய கத்தி சுற்றும், இரண்டு கையாலும் பிடித்துப் பலகைமேல் நகர்த்த வேண்டும் என்று விளக்கினேன். வாங்கி வந்து ஓட்டிய அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனாய்.

என் வலது கை நடுங்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருடம். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் முழுதாகக் குணமாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. பெங்களூரில் இருக்கும் மகளிடம்கூட. யார் வீட்டுக்குப் போனாலும் காபி வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். நீ மட்டும் எதுவும் கேட்காமல் எனக்கு அரை டம்ளர் ஊற்றிக் கொடுப்பாய். அது ஏன் அரை டம்ளர் என்று எனக்குப் புரியவே பல மாதம் ஆயிற்று.

அன்று மகளின் சமையலறைக்காக ஒரு அலமாரித் தட்டு செய்துகொண்டிருந்தேன். கை திடீரென்று ஒரு உதறு உதறியது. ரூட்டர் துள்ளி, பலகையைக் குதறிக்கொண்டு, என் இடது மணிக்கட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போய் நின்றது. ரத்தம் இல்லை. ஆனால் உடனே ஒயரைப் பிடுங்கிப்போட்டேன். மிஷினை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது நீ வந்தாய்.

"இன்னாமே, மூட்ட கட்டிக்கினு கீறே?"

"யாருக்காவது குடுத்துரலாம்னு பாக்கேன். இனிமே என்னால முடியாது."

குதறிய பலகையைப் பார்த்தாய். என் கையைப் பார்த்தாய். ஆறுதல் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ பெட்டியிலிருந்து மிஷினை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாய்.

"முப்பது வருசம் தச்சேன். துணியதான் தள்னேன். மிஷின தூக்கிக்கினா ஓடனேன்? இத்த மேசைக்கு அடில மாட்டு. கத்தி மட்டும் மேல எட்டிப் பாக்கட்டும். கட்டய நீ தள்ளு."

"கை நடுங்குமே?"

"கை ஆட்னா ஆடட்டும். ஆடாத எடத்துல மிஷின வை."

ரூட்டர் மேசை என்று உலகத்தில் ஏற்கெனவே ஒன்று உண்டு என்பது பிறகு போனில் பார்த்தபோதுதான் இருவருக்கும் தெரிந்தது. "பாத்தியா, நம்மள காப்பி அட்ச்சிட்டானுங்கோ" என்றாய்.

மேசை செய்ய மூன்று வாரம் ஆயிற்று. மைக்கா ஒட்டிய கெட்டிப் பலகையைக் கடையிலேயே அளவுக்கு அறுத்து, ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தோம். நடுவில் சதுரமாக ஓட்டை போட்டு, ஒரு அலுமினியத் தகட்டை அதில் பதித்து, தகட்டின் அடியில் ரூட்டரைத் திருகினோம். தகடு மேசையோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தள்ளும் கட்டை இடறும். நான் அளவுகோலை வைத்துச் சரியாக இருக்கிறது என்றேன். நீ கண்ணை மூடி நகத்தால் ஒரு கோடு இழுத்தாய். "இங்க தட்டுதுமே." தட்டத்தான் செய்தது. தகட்டின் நான்கு மூலைக்கும் கீழே சின்னத் திருகாணி வைத்து, உன் நகத்துக்குத் தட்டாமல் போகும்வரை ஏற்றி இறக்கினேன். தையலுக்கு ஓரம் பிடிக்கும் பட்டை மாதிரி, கட்டையை அணைத்துத் தள்ள ஒரு நேர்ச்சட்டம் வைத்தோம். விரல் கத்திப் பக்கம் போகாதிருக்க, பிடித்துத் தள்ளக் கைப்பிடிக் கட்டை ஒன்று. காலால் மிதிக்கும் சுவிட்சும் உன் பிடிவாதம்தான். காலை எடுத்தால் மிஷின் நிற்க வேண்டும் என்று எலக்ட்ரீசியனிடம் நான்கு தடவை சொன்னாய்.

முதல் ஓட்டத்தில் கட்டையை இடமிருந்து வலமாகத் தள்ளிவிட்டேன். கத்தி சுற்றும் திசையிலேயே போனதால் அது என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து, உன் நீல வாளியை உடைத்தது. நீ போய் உடைந்த வாளியை எடுத்துப் பார்த்தாய். பிறகு நீ சொன்னாய், "நல்லவேள, வாளிக்குள்ள நம்ம தல இல்ல." சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவது தடவை வலமிருந்து இடம். இரண்டு கையும் கட்டையை மேசைமேல் அழுத்தியிருந்ததால் நடுக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. ஓரம் முழுதும் வழவழவென்று உருண்டு வந்தது. அந்த ஓரத்தை நான் தடவினேன், நீ தடவினாய், மறுபடி நான்.

அன்று மாலை நீ வீட்டுக்குக் கிளம்பவில்லை. "பொண்ணாண்ட சொல்லு. நீ சொல்ற வரைக்கும் இங்கியேதான் குந்திக்கினு இருப்பேன்" என்றாய். சொன்னேன். அவள் அழுதாள். அடுத்த வாரமே வந்து, அந்த மேசையில் முடித்த அலமாரித் தட்டை எடுத்துப்போனாள்.

அதன்பிறகு நமக்கு ஒன்றரை வருடம் கிடைத்தது. காய்ச்சல் என்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். மூன்றாம் நாள் நான் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உன் மகன் வாசலில் வந்து நின்றான். "அம்மா பூட்டாங்க பெரிம்மா" என்றான். நோயாளி நான்தானே, முதலில் போகப்போவது நான்தானே என்று எனக்குள்ளே ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

இந்த நவம்பரில் ஓய்வூதியத்துக்காக, உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட வங்கிக்குப் போனேன். எப்போதும் நாம் இருவரும் சேர்ந்து போவதுதான். இந்தத் தடவை தனியாக. நின்றபடி போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

"மேட்ச் ஆகல மேடம். வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

முன்பெல்லாம் என்றால் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

"எனக்குக் கை நடுங்கும்மா. உக்காந்து மெதுவாப் போட்டா வந்துரும். ஒரு நாற்காலி குடு" என்றேன், வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி.

நாற்காலி வந்தது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நிற்கட்டுமே என்று நினைத்தேன். இப்படி நினைக்க எனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று அந்த வங்கியில் ஒருவருக்கும் தெரியாது.