அத்தான் மாட்டிய கேபிள்

அத்தான்,

இன்று காலை தேவ்நார் ஷெட்டில், புதிதாக வந்த டிரைவர் நம் கேரவனைக் காரின் பின்னால் சேர்த்தான். பிறகு அந்தச் சிவப்பு கேபிளை எடுத்து, காருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு உருண்டையின் கழுத்தைச் சுற்றிப் போட்டு, கொக்கியை கேபிளிலேயே மாட்டித் தளர்வான சுருக்காக்கினான். நீங்களே எழுந்து வந்து நிற்கிறமாதிரி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா சொன்னாள்: "நல்லாத்தாம்ட்டி மாட்டுதான். ஒங்க அத்தானும் இப்படித்தான மாட்டுவாரு. நா எத்தன தடவ பாத்திருக்கேன்!"

உங்கள் மனைவியின் வாயால், அத்தான். அதுவும் நான் கேட்காமலே. அதனால்தான் இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களுக்கு நல்ல முகம், அதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாத பேண்ட், வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் "இனிமே இதுதாங்க உங்க வீடு" என்று ஒரு சிரிப்பு. லோணாவளா போகிற குடும்பங்களும், போட்டோ எடுக்க அலிபாக் போகிற கல்யாண ஜோடிகளும் அந்தச் சிரிப்பை நம்பித்தான் வந்தார்கள். நீங்கள் காரை ஓட்டுவீர்கள். நான் கேரவனுக்குள் படுக்கை விரிப்பேன், அடுப்பைத் துடைப்பேன், கக்கூஸ் கழுவுவேன். திலக் நகரில் உங்கள் வீட்டில் உங்கள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தவள் நான். வாய் திறக்கிற இடத்திலா இருந்தேன்?

ஆனாலும் திறந்தேன். துடைக்கிறவளுக்குத்தான் எல்லாம் கண்ணில் படும். கேரவனின் முன்பக்கத்து இரும்புச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கேபிளை உருண்டையில் போட்ட படத்தின்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. உருண்டைக்குக் கீழே உள்ள வளையத்தில் கொக்கியை மாட்டிய படத்துக்குப் பச்சையில் டிக். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஓடும்போது கேரவன் கழன்றுவிட்டால், அந்த கேபிள் கேரவனின் ஹேண்ட் பிரேக்கைச் சுண்டி இழுத்துவிட்டு, பிறகு தானே அறுந்துவிடும். கேரவன் நின்றுவிடும். உருண்டையில் சும்மா சுற்றிப் போட்டாலோ, கேரவன் கழலும்போது கேபிளும் கூடவே வழுகி வந்துவிடும். பிரேக்கை இழுக்க ஆள் கிடையாது.

இதைச் சொன்னபோது என்ன பதில் சொன்னீர்கள்? "மாட்டியாச்சுல்லா? எங்க மாட்டுனா என்ன? பொம்பள பயத்தையெல்லாம் வண்டியில ஏத்தாத." உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். வளையத்தில் மாட்ட வேண்டுமென்றால் தரையில் முட்டி போட வேண்டும். பேண்ட் அழுக்காகிவிடும்.

செம்பூர் மேம்பாலத்தில் ஏறும்போது அது நடந்தது. அன்று காலையும் நீங்கள்தான் கேபிளை உருண்டையில் சுற்றிப் போட்டிருந்தீர்கள். நல்ல வெயில். நீங்கள் ஓட்டுகிறீர்கள், பக்கத்தில் அக்கா, பின் சீட்டில் நான். பாலம் தொடங்குகிற இடத்துப் பள்ளத்தில் கார் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அதன்பின் கார் லேசாகிவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், நம் கேரவன் அவசரமே இல்லாமல் பின்னோக்கி இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. கீழே வந்துகொண்டிருந்த ஆட்டோவில் முட்டித்தான் நின்றது. ஆட்டோக்காரர் காதர் பாய், தாராவியில் குடியிருக்கிற நம் ஊர்ப் பக்கத்துக்காரர். வலது கால் எலும்பு முறிந்துவிட்டது.

கூட்டம் கூடியது. போலீஸ்காரர் வந்து, "கிஸ்னே லகாயா?" என்று கேட்டார், யார் மாட்டியது என்று. நீங்கள் யோசிக்கவே இல்லை. என்னை நோக்கி விரலை நீட்டினீர்கள். "இஸ்னே. கேபிள் லகாயா ஹீ நஹீ." இவள்தான், கேபிளை மாட்டவே இல்லை.

பதற்றத்தில் வந்த பொய் என்றால் மன்னித்திருப்பேன், அத்தான். நீங்கள் அதற்குச் சோறு போட்டு வளர்த்தீர்கள். காதர் பாய் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தீர்கள். நான் கொண்டுபோன ஆப்பிள் பையை அவருடைய அம்மா சந்தில் வீசினார். "எம் புள்ள காலு போச்சு. ஒங் கை வெளங்குமாட்டி?" என்று மண்ணை வாரித் தூற்றினார். நீங்கள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிட்டா" என்றீர்கள். முப்பது தாண்டிய நான் சின்னப் பிள்ளையாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே உங்கள் சட்டைக் காலரைப் பிடித்திருக்க வேண்டும்.

அதோடு விட்டீர்களா? கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் என்று நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் அது உங்களுக்குச் சிரிப்புக் கதையாகிவிட்டது. "எங்க கொழுந்தியா கேபிள் மாட்டுன லட்சணத்தக் கேளுங்க" என்று தொடங்குவீர்கள். கேரவன் பின்னால் போனதை இரண்டு கையாலும் நடித்துக் காட்டுவீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். காதர் பாயின் கால் மட்டும் அந்தக் கதையில் வராது. நான் தட்டில் இருக்கிற பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை அக்காவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "அவரு பொய் சொல்ல மாட்டாருட்டி. ஒனக்குத்தான் மறந்திருக்கும்" என்றாள். அன்றைக்கு எனக்கு அக்காவும் இல்லாமல் போனாள்.

எல்லோர் முன்னாலும் உங்களை நிற்கவைத்துக் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். போன வருடம் சர்ச் படியில் இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், போய்விட்டீர்கள். அதிலும் தப்பித்துக்கொண்டீர்கள். அடக்கத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்து, "அத்தான் மேல எவ்வளவு பாசம்" என்று யாரோ சொன்னார்கள். கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் போய்விட்டீர்களே என்று அழுதேன் நான்.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். அக்கா அப்படிச் சொன்னதும் நான் சண்டைக்குப் போகவில்லை. கேரவன் சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொன்னேன். கேபிளை மட்டும் அப்படியே விட்டு, கேரவனை உருண்டையிலிருந்து விடுவித்துவிட்டு, டிரைவரைக் காரைக் கொஞ்சம் முன்னால் எடுக்கச் சொன்னேன். கார் நகர்ந்தது. கேபிள் உருண்டையிலிருந்து வழுகித் தரையில் விழுந்தது. பிரேக் அசையவில்லை. கொக்கி கழலவில்லை, கேபிள் அறுபடவில்லை. போட்ட சுருக்கு போட்டபடியே கிடந்தது.

அக்கா மடிப்பதை நிறுத்தினாள். "அன்னைக்கு ரோட்டுலயும் இப்படித்தாம்ட்டி கெடந்துச்சு. சுருக்கோட. நாந்தான எடுத்து உள்ள போட்டேன்" என்றாள். பிறகு மெல்ல, "மாட்டவே இல்லன்னா சுருக்கு எப்படி வந்துச்சு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நான் உதவவில்லை. உங்கள் பொய்யை அவளே தன் கையால் அவிழ்க்கட்டும் என்று நின்றேன். அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா?

அவள் அழவில்லை. எழுந்து, "செருப்பப் போடு. தாராவிக்குப் போவோம்" என்றாள்.

காதர் பாய் இப்போது ஆட்டோ ஓட்டுவதில்லை. அந்தக் காலால் பிரேக்கை அழுத்த முடியவில்லையாம். வீட்டு வாசலில் உட்கார்ந்து பெல்ட் தைக்கிறார். எங்களைப் பார்த்ததும் இடம் ஒதுக்கி, டீ வரவழைத்தார். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு மாட்டுனது இவ இல்லம்மா" என்றாள். "என்னது?" என்றார் அவர். அக்கா மறுபடி சொன்னாள். மறுபடியும் "என்னது?" என்றார். அக்கா தொண்டை கிழியக் கத்தினாள்: "எங்க வீட்டுக்காரருதாம்மா மாட்டுனாரு! பழிய இவ மேல போட்டுட்டாரு!"

சந்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒத்திகை பார்த்த எதுவும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை, அத்தான்.

அம்மா என்னையே பார்த்தார். "அப்ப நா இந்தப் புள்ளயவா ஏசினேன்?" என்று மகனிடம் கேட்டார். காதர் பாய் ஊசியைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், "அழாதீங்கக்கா. அவுக மவுத்தாயிட்டாக. நா எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் விட்டுருங்க தங்கச்சி" என்றார்.

நான் டீயைக் குடித்து முடித்தேன். போன கால் அவருடையது, அதற்கு மன்னிக்க அவருக்கு உரிமை உண்டு. போன பெயர் என்னுடையது, அத்தான். நான் மன்னிக்கவில்லை.