புதுத் தரைக்கு ஊத்தின தண்ணி

பிள்ளையார் துணை

டண்டினொங்
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகன் இளங்கீரனுக்கு அம்மா எழுதிறது. இஞ்சை அப்பாவும் நானும் சுகமா இருக்கிறம், உங்கை லிட்கமிலை நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு ஒரு வருத்தமும் இல்லாமல் இருக்கவேணுமெண்டு பிள்ளையாரைக் கேட்டபடிதான். ராகவி அக்காவின்ரை சின்னவன் தவழத் தொடங்கீட்டான், குசினியிலை அடுப்புக்கு முன்னாலை தரை வெடிச்ச இடத்துக்கு மேலை ஒரு காப்பெற் துண்டைப் போட்டுவைச்சிருக்கிறம். அம்மா ஏன் போனிலை கதைக்காமல் கடுதாசி எழுதிறா எண்டு யோசிப்பாய். நீ இப்ப போன் எடுக்கிறேல்லை, அது ஒண்டு. எடுத்தாலும் இது என்ரை வாயாலை வராது, அவ்வளவு வெக்கமாக் கிடக்கு ராசா. குசினித் தரை வெடிச்சது உன்ரை வேலையாலை இல்லை, என்னாலை. முதல்லையே எழுதிப்போட்டன், இல்லாட்டில் மிச்சம் எழுதாமல் மடிச்சு வைச்சிடுவன்.

நீ லீவெடுத்து வந்து அந்தத் தரையோடை பட்ட பாடு என்ரை கண்ணுக்குள்ளையே நிக்குது. பழைய வீடு, நடைபாதையிலை வெறும் பலகை, குசினியிலை பலகைக்கு மேலை லினோ விரிப்பு, பின்னுக்குக் கூட்டிக் கட்டின அறையிலை கொங்கிறீற், மூண்டும் மூண்டு உயரம். சும்மா மேலாலை ரைல்ஸை ஒட்டிவிடடா எண்டு அப்பா சொல்ல, அடி சரியில்லாட்டில் மேலை எதைப் போட்டாலும் நிக்காதப்பா எண்டனீ. லினோவுக்குள்ளை அந்த நஞ்சு அஸ்பெஸ்டஸ் இருக்கோ எண்டு சோதிக்கத் துண்டு அனுப்பி மறுமொழி வருமட்டும் ஒருத்தரையும் கை வைக்க விடேல்லை. பேந்து முழங்காலிலை நிண்டு பழைய பசையைச் சுரண்டி, கிறீச்சிட்ட பலகையெல்லாம் இறுக்கி, அதுக்கு மேலை சாம்பல் நிறச் சீமேந்துச் சீற் அடிச்சு, கொங்கிறீற் பள்ளத்துக்குக் கலவை ஊத்தி மட்டம் பிடிச்சனீ. என்ரை லீவு முடிஞ்சுது, திங்கள் எனக்குத் தெரிஞ்ச ரைல்ஸ்காரர் சிறிதரன் வந்து பதிப்பார், சீற்றுகளின்ரை பொருத்துகள் இன்னும் அடைக்கேல்லை, அதுமட்டும் தண்ணி படவிடாதேங்கோ அம்மா எண்டு படிச்சுப் படிச்சுச் சொல்லிப்போட்டுத்தான் போனனீ.

நீ போன மற்ற நாள் வெள்ளிக்கிழமை. வீடு முழுக்கத் தூசி, அதுக்குள்ளை எப்பிடி விளக்குக் கொளுத்துறது, மனம் கேக்கேல்லை. குனிஞ்சு பார்த்தால் சீமேந்துதானே கிடக்கு, சீமேந்தைத் தண்ணி என்ன செய்யும் எண்டு நினைச்சன். அதோடை விட்டனானோ? ஊரிலை, மானிப்பாயிலை நாங்கள் வீடு கட்டேக்கை மேசன் புதுத் தரைக்குச் சாக்குப் போட்டு நாள்க்கணக்காத் தண்ணி ஊத்தச் சொன்னவர், ஊத்த ஊத்தத்தான் இறுகுமாம். பிள்ளைக்கு உதுகள் தெரியாது, நானாவது செய்துவிடுவம் எண்டு, புத்தி கெட்ட விசரி, மஞ்சள் கரைச்சு வாளி வாளியா ஊத்தினன். தண்ணி பொருத்துக்குள்ளாலை இழுபட்டுப் போச்சுது, நல்லா உறிஞ்சுது எண்டு எனக்குச் சந்தோசம் வேறை. திங்கள் சிறிதரன் வரேக்கை மேல் காய்ஞ்சு வடிவா இருந்துது, அந்த மனிசனுக்கும் ஒண்டும் தெரியேல்லை.

ரைல்ஸ் வெடிச்சபிறகு அப்பா கூப்பிட்ட, தரை திருத்துற வெள்ளைக்காரப் பெடியன் ரெண்டு ரைல்ஸைக் கிளப்பிப் பார்த்துப்போட்டு, அடிப்பலகை நனைஞ்சு ஊதி, காயேக்கை சுருங்கியிருக்கு, எங்கையும் பைப் ஒழுகினதோ எண்டு கேட்டவன். ஒண்டும் ஒழுகேல்லை, என்ரை மகன்ரை அடிவேலைதான் பிழை எண்டார் அப்பா. நான் தேத்தண்ணியோடை பக்கத்திலை நிண்டனான். எனக்கு உடனை எல்லாம் விளங்கீட்டுது, ஆனா வாயிலை கொழுக்கட்டை வைச்ச மாதிரி நிண்டிட்டன். அப்பான்ரை வாய்க்குப் பயம், இந்த வயசிலை ஒரு தரையைக் கழுவத் தெரியாதவள் எண்டு பேர் வாங்கவும் விருப்பமில்லை. பேந்து அவர் போனை ஸ்பீக்கரிலை போட்டு, யூனிவசிற்றியிலை கணக்குப் படிப்பை விட்டிட்டு ஓடினவனுக்கு இதாவது ஒழுங்கா வருமெண்டு நினைச்சன் எண்டு ஏச, நீ சொறி அப்பா எண்டு மட்டும் சொன்னாய். நீ கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. அதுக்குப் பிறகு த பேசின் பிள்ளையார் கோயிலிலை சாப்பிட இருக்கேக்கை, அப்பா பாலகிருஷ்ணன் அங்கிள் ஆக்களுக்கு முன்னாலை, என்ரை மகன் யூனியையும் கவிட்டான் குசினியையும் கவிட்டான் எண்டு பகிடி விட்டவர். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான் தம்பி. தண்ணி ஊத்தினது அறியாமல், வாய் திறவாதது பயத்திலை, சிரிச்சது ஏனெண்டு எனக்கே தெரியேல்லை.

வியாழக்கிழமை அக்கா வந்து சொன்னா, நீ இந்த மாசத்தோடை ரைல்ஸ் வேலையை விட்டிட்டு வெயர்ஹவுசிலை சேரப் போறியாம், வெட்டுற மெசினையும் விக்கப் போட்டிட்டியாம், அப்பா சொன்னது சரி, எனக்கு இந்த வேலை கைவராது எண்டனியாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் எண்டு ஆருக்கோ சொல்லுவினம், நான் பெத்த பிள்ளைக்கே செய்துபோட்டு இருக்கிறன். அக்கா போன கையோடை அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன். கத்துவார் எண்டு பார்த்தன், கத்தேல்லை. காப்பெற் துண்டைக் கிளப்பிப் பார்த்துப்போட்டுக் கதிரையிலை இருந்திட்டார். அவன் ஒருக்காக்கூட நான் பிழையாச் செய்யேல்லை எண்டு சொல்லேல்லையே எண்டார், அவ்வளவுதான். இண்டைக்குக் கோயிலிலை, சிரிச்ச அதே ஆக்களுக்கு முன்னாலை, தண்ணி ஊத்தினது நான்தான், பிள்ளையின்ரை வேலையிலை ஒரு குறையும் இல்லை எண்டு சொன்னன். பக்கத்திலை இருந்த கமலினி அன்ரி, விடுங்கோ அக்கா, சின்ன விசயம்தானே எண்டா. சின்ன விசயமில்லை எண்டன். அப்பாவும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, நானும் விசாரியாமல் வாய் விட்டிட்டன் எண்டார். அவர் அப்பிடிச் சொல்லுற ஆளோ எண்டு உனக்குத் தெரியும். உன்னோடை கதைக்கச் சொன்னால், எந்த முகத்தோடை கதைக்கிறது எண்டு கேக்கிறார்.

நாளைக்கு வேறை ஆள் தரை திருத்த வாறதா இருந்தது, அப்பா மறிச்சுப்போட்டார். என்ரை மகன்ரை தரை, அவன் தொட்டால் தொடட்டும், இல்லாட்டில் இப்பிடியே கிடக்கட்டுமாம். அதுக்காக நீ வரவேணுமெண்டில்லை ஐயா, அதைக் கேக்கிற முகம் எனக்கில்லை. கோவமெண்டால் கோவமாவே இரு, மன்னிக்கவும் வேண்டாம். வேலையை மட்டும் விடாதை. நீ விட்டியெண்டால் அது நான் விட வைச்சதுதான். மெசின் வித்துப்போட்டியெண்டால் வாங்கினவனிட்டைக் கெஞ்சிக் கூத்தாடியாவது திருப்பி எடு. பிள்ளையார் உன்ரை கைக்குத் துணையா நிக்கட்டும், நோய் நொடியில்லாமல் நல்லா இரு ராசா. ரைல்ஸ் வெட்டேக்கை மூக்குக்கு மாஸ்க் போட மறந்திடாதை.

உன்ரை முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் துணிவில்லாத
அம்மா
நாகேஸ்வரி வரதராஜா