சுண்ணாம்புக்குப் பின்னால் நிற்பவள்

மேடம்,

இன்று பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்து சரோஜாவின் நிலைக்கண்ணாடி வந்தது. மூலையில் நீங்கள் உடைத்த இடம் அப்படியே இருக்கிறது. "அந்தம்மா போயே சேந்துட்டாங்க, என் கண்ணாடி மட்டும் இன்னும் மூளியாவே கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி அதை முந்தானையால் துடைத்தாள். எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் மறுபடி கிளம்பிவிட்டது. எழுதியாவது தீர்த்துக்கொள்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மதராஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் ஸ்டுடியோவுக்கு வந்தீர்கள். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பதாகவும், பழைய மண்டபங்களில் மறைந்துபோன ஓவியங்களைத் தேடுவதாகவும் சொன்னீர்கள். "ஒரு சுவரைப் படம் எடுக்கணுங்க." கல்யாணமும் வளைகாப்பும் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டுப் போயிருக்க வேண்டும்.

ஃபிளாஷ் கூடாது என்றீர்கள். மண்டபத்து வாசலில் கண்ணாடியை வைத்து வெயிலை உள்ளே திருப்ப வேண்டுமாம். சரோஜாவின் நிலைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். என்னை நம்பாமல் அவளும் கூடவே வந்தாள். வெயில் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அரைநாள் நின்றாள். ஒரு மாதம் சிறு கத்தியால் நீங்கள் சுரண்டிய சுண்ணாம்புக்குள்ளிருந்து ஓர் அம்மன் வந்தாள். பத்திரிகையில் உங்கள் பெயர் வந்தது. நான் அதைக் கத்தரித்துக் கடையில் மாட்டினேன்.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அம்மன் நெற்றியில் குங்குமம்.

"யாரு வெச்சது?" என்று கேட்டீர்கள்.

"நான்தாங்க. நெத்தி வெறுமையா இருந்துச்சு, மனசு கேக்கலை" என்றாள் சரோஜா.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நீங்கள் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவளைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். ஆடி மாதம் முடிவதற்குள் எண்ணெய், மஞ்சள், கற்பூரப் புகை. நீங்கள் பஞ்சால் ஒற்றியெடுத்தபோது அம்மனின் கன்னம் பஞ்சோடு வந்துவிட்டது. அந்தப் பஞ்சை எறியாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு ஐந்தாறு ஊர்களில் ஓவியங்களைக் கண்டுபிடித்தீர்கள். ஆனால் எல்லாவற்றிலும் உசத்தி, அடி அண்ணாமலை தாண்டி மலை சுற்றும் பாதையில் இருக்கிற அந்தச் சின்ன மடத்துச் சுவர்தான். காவியும் மஞ்சளுமாக மலை, உச்சியில் தீபம், கீழே கூட்டம். கூட்டத்துக்கு முன்னால், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், நெற்றியில் கையை வைத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குழந்தை மலையைப் பார்க்காமல் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறது. அதைப் பார்த்ததும் நாம் இருவரும் சிரித்துவிட்டோம். "இதுல நீங்க பெரிய ஆளாயிடுவீங்க மேடம்" என்று சொன்னேன்.

மறு சனிக்கிழமை ஒரு பானைச் சுண்ணாம்போடு வந்தீர்கள்!

"இத்தனை நாள் இதுதாங்க அவளைக் காப்பாத்துச்சு" என்றீர்கள். என்னைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்களே நார் மட்டையை எடுத்து, மலையை மறைத்து, கூட்டத்தை மறைத்து, கடைசியாக அவள் முகத்துக்கு வந்தீர்கள். அங்கே கொஞ்ச நேரம் கை நின்றது. பூசி முடித்துப் பின்னால் நகர்ந்தபோது உங்கள் முழங்கை பட்டுக் கண்ணாடி உடைந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது, எடுத்த ஃபிலிமைக் கழுவலாம், பிரிண்ட் போடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள்.

என்ன மனுஷி நீங்கள்? கிரிவலப் பாதையில் ஓவியமே கிடையாது என்று ஒருவர் மேடையில் கட்டுரை வாசித்தபோது, கீழே உட்கார்ந்து கை தட்டிவிட்டு வந்தீர்கள். பெரிதாக ஒன்றும் வெளியிடவில்லை என்று உங்களுக்கு வரவேண்டிய பதவியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். நான் கடையில் நின்று கத்தினேன். "எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். போதாதா?" என்றீர்கள். போதாதுங்க மேடம்! அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

பிறகு நீங்கள் பாட்டுக்குக் கண்ணை மூடிவிட்டீர்கள். சுவர் என் தலையில்.

நீங்கள் போன மறு வருஷம் மடத்துத் தர்மகர்த்தா சுவரைக் கொத்திவிட்டு சிமெண்டு பூச ஆள் வைத்தார். சத்தியத்தை மீறி ஓடினேன். சுவரில் பழைய ஓவியம் இருக்கிறது என்றேன்.

"ஐயோ, சாமிங்களா?" என்று பதறினார்.

"இல்லைங்க. ஒரு பொம்பளை. மலையைப் பாத்துக்கிட்டு நிக்கிறா."

"பொம்பளைதானா? நான் பயந்தே போயிட்டேன். அப்ப கொத்திடலாம். திங்கக்கெழம ஆள் வருது."

வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். "சாமின்னு சொல்லித் தொலைக்கிறதுதானே" என்றாள் சரோஜா.

"சொன்னா? குங்குமத்த எடுத்துக்கிட்டு வந்து நிப்பீங்களே!"

சொல்லியிருக்கக் கூடாது. பத்து வருஷத்துக்கு மேல் நான் வாயைத் திறந்து சொல்லாத பேச்சு அது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். தர்மகர்த்தா வீட்டு வாசலில் நின்று, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள்: "இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அங்க இருக்கிறது மூடியிருக்கிற அம்மன். மொகத்த பாக்கக் கூடாது, கையால தொடக் கூடாது, பொட்டு கூட ஆகாது. பெரியவங்க சும்மாவா சுண்ணாம்பு பூசி வெச்சாங்க?"

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொத்தனார் வரவில்லை.

ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாதவர் நீங்கள். இப்போது அங்கே சுண்ணாம்பு அம்மன் என்று பெயரே விழுந்துவிட்டது. சுவருக்கு மூன்றடி தள்ளி மூங்கில் தடுப்பு. தீபத்துக்கு முந்தின வாரம் பெண்கள் வேண்டுதலாக வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஆயுசு முழுக்க நீங்கள் சுரண்டினீர்கள், ஊர் இப்போது பூசிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். தாராளமாக அடித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலை இல்லை.

ஃபிலிம் சுருள் என் பெட்டியில்தான் இருக்கிறது, இன்னும் பிரிண்ட் போடவில்லை. எல்லோரும் சுவரைக் கும்பிடும்போது நான் திரும்பி, அவள் பார்க்கிற மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வருஷா வருஷம் முதல் மட்டை சரோஜாவுடையதுதான். குங்குமச் சிமிழை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள், மேடம்.